லாயத்தில் வேலை பார்த்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குதிரைப் பந்தயத் திடல்கள் நொடித்துப்போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதற்கு வாசகர்கள் எழுதிய பதில்களையும் ஒன்று விடாமல் படித்தேன். நிலத்தின் விலையைப் பற்றி எழுதியிருந்தார்கள். குத்தகை பாக்கியைப் பற்றி எழுதியிருந்தார்கள். சூது ஒழிந்தால் சரி என்று ஒருவர் முடித்துவிட்டார். குதிரைக்குத் தண்ணீர் காட்டி, காலுக்குத் துணி சுற்றி, லத்தி அள்ளியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அந்த வேலை செய்தவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரியபட்டினத்துக்காரன். எங்கள் பக்கத்தில் மீசை அரும்பும் வயதில் சபர், அதாவது கடல் கடந்து பிழைக்க, போவது வழக்கம். பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைக்கோ மளிகைக் கடைக்கோ போவார்கள். என் மாமு சிங்கப்பூரில் புக்கிட் தீமா பந்தயத் திடலின் லாயத்தில் இருந்தார். என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். குதிரை பராமரிப்பவரை அங்கே சைஸ் என்பார்கள். 1999இல் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது குதிரைகளோடு நாங்களும் மாறினோம். கோவிட் வருவதற்குச் சில வருஷம் முன்பு ஊர் திரும்பும்வரை எனக்கு வேறு வேலை தெரியாது.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறுவதற்குள் ஓட்டப் பயிற்சி முடிய வேண்டும் என்பதால் மூன்றரை மணிக்கு லாயத்தில் விளக்கு எரியும். முதல் காரியம், தீனித் தொட்டியைப் பார்ப்பது. இரவு வைத்த ஓட்ஸில் மிச்சம் இருந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை. அடுத்தது நாலு காலையும் கையால் தடவிப் பார்ப்பது. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிற, நாங்கள் நரம்பு என்று சொல்கிற தசைநாணில் கொஞ்சம் சூடு தெரிந்தாலும் டிரெய்னரிடம் சொல்லி அன்றைய ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டைக் கருவி வைத்துப் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். ஆனால் உள்ளங்கைக்கு அது தெரியவர வருஷங்கள் ஆகும். குளம்பைத் தூக்கி உள்ளே சிக்கிய மண்ணைச் சுரண்டுவது, ஓடிவந்த குதிரையை உடனே நிற்க விடாமல் நடத்தி ஆறவைப்பது, குளிப்பாட்டுவது, மரத்தூள் படுக்கையைப் புரட்டுவது. பந்தய நாளில் குதிரையைப் பிடித்துக்கொண்டு பார்வையாளர்கள் முன்னால் வட்டமாக நடத்தி வருவோம். பந்தயம் இல்லாத நாளிலும் குதிரை தின்னும், கழியும், நோவும். பெருநாளன்று தொழுதுவிட்டு நேரே லாயத்துக்குத்தான் போவேன்.

சூது எங்கள் மார்க்கத்தில் ஹராம். நான் புறப்படும்போது உம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "வாயில்லாச் சீவனைப் பார்த்துக்கிற வேலைன்னா போ, சீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதே" என்றார்கள். ஒரு பந்தயச் சீட்டும் நான் வாங்கியதில்லை. குதிரை மேல் பணம் கட்டித் தாலியை அடகுவைத்த குடும்பங்களை அங்கே பார்த்திருக்கிறேன். ஆகவே பந்தயம் நல்லது என்று வாதாட நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: சூதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் உயிரும் உழைப்பும் இருக்கிறது, மற்றதில் இயந்திரமும் மேசையும் மட்டும். அரசாங்கங்கள் இரண்டையும் ஒரே தராசில் வைத்தன. உயிர் இருந்த பக்கம்தான் செத்தது.

2010ஆம் வருஷம் சிங்கப்பூரில் கேசினோ என்கிற சூதாட்டக்கூடங்கள் இரண்டு திறந்தார்கள். பிப்ரவரியில் செந்தோசாவில், ஏப்ரலில் மரீனா பேயில். அந்த வருஷம் கிராஞ்சிக்கு ஒரு பந்தய நாளில் சராசரியாக 11,000 பேர் வந்தார்கள். 2019இல் அது 6,000 ஆனது. கோவிட்டுக்குப் பிறகு 2,600. அந்த நாட்டு அரசு வெளியிட்ட கணக்கு இது. பார்வையாளர் மாடமோ முப்பதாயிரம் பேருக்காகக் கட்டியது.

ஆனால் லாயத்தில் இருந்த எங்களுக்கு மாடம் காலியாவது முதலில் தெரியவில்லை. கொட்டடி காலியாவதுதான் தெரிந்தது. முதலாளி ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து புதுக் குதிரை வரவழைப்பதை நிறுத்துவார். இன்னொருவர் இருந்ததை விற்றுவிடுவார். நொண்டிய குதிரைக்குப் பதில் வேறொன்று வராது. இரண்டு குதிரை பார்த்தவனுக்கு மூன்றாவதையும் கொடுப்பார்கள், பக்கத்துக் கொட்டடிக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு. குதிரை ஜெயித்தால் எங்களுக்கு ஒரு பங்கு கிடைக்கும், அதை வைத்துத்தான் ஊரில் வீடு கட்டுவோம், தங்கச்சிக்குக் கல்யாணம் முடிப்போம். பரிசுப் பணம் குறையக் குறைய அந்தப் பங்கும் தேய்ந்தது.

என் மச்சான் கடைசிவரை அங்கே இருந்தார். 2023 ஜூன் 5ஆம் தேதி அறிவித்தார்கள்: 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம், 2027 மார்ச்சுக்குள் 120 ஹெக்டேர் நிலத்தையும் அரசிடம் ஒப்படைத்துவிடுவது, அங்கே வீடுகள் கட்டுவது. அந்தத் திடலை நடத்தியது 1842இல் தொடங்கிய சங்கம். நிலம் தேவை என்பது உண்மையான காரணம்தான், சின்ன நாடு. ஆனால் மாடம் நிரம்பி வழிந்திருந்தால் அந்த நிலத்தின் மேல் அவ்வளவு எளிதாகக் கை வைத்திருக்க மாட்டார்கள் என்றும் நினைக்கிறேன். ஒரு விஷயத்தை அங்கே ஒழுங்காகச் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பதினாறு மாதம் முன்னதாகச் சொன்னார்கள். குதிரைகளை வேறு நாடுகளுக்கு அனுப்ப அவகாசம் கொடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே கிண்டியைப் பற்றிச் சொல்லும்போது வேண்டியிருக்கும்.

பந்தயத் திடலால் ஏன் சூதாட்டக்கூடத்தோடு போட்டி போட முடியவில்லை என்பதற்கு உங்கள் கட்டுரையில் "மக்களின் ரசனை மாறிவிட்டது" என்று இருந்தது. ரசனைக்கு முன்னால் கணக்கு இருக்கிறது. திடலில் டோட் என்ற முறையில், கட்டியவர்கள் எல்லோருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். வரி, கிளப்பின் பங்கு என்று நாட்டுக்கு நாடு நூற்றுக்கு இருபது அளவில் கழித்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். அந்தக் கிளப் பங்கிலிருந்துதான் பரிசுப் பணம். பரிசுப் பணத்தை நம்பித்தான் ஒருவர் குதிரை வாங்குவார். அவர் டிரெய்னருக்கு மாதக் கட்டணம் கட்டுவார். டிரெய்னர் சைஸுக்கும் லாடம் அடிப்பவருக்கும் தீனிக் கடைக்காரருக்கும் கொடுப்பார். கழிக்கும் இருபது ரூபாயில் இத்தனை வயிறு இருக்கிறது.

சூதாட்டக்கூடத்தில் சக்கரம் சுற்றும் ரூலெட் மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 37 எண். ஒரு எண்ணில் வைத்து ஜெயித்தால் வைத்த பணத்தைப் போல 35 மடங்கு லாபம். கணக்குப் போட்டால் நூறு ரூபாய்க்குச் சூதாட்டக்கூடத்துக்கு நிற்பது சராசரியாக 2 ரூபாய் 70 காசுதான். ஆடுகிறவருக்கு இது தர்மமான ஆட்டமாகத் தெரியும். ஆனால் திடலில் அரை மணிக்கு ஒரு பந்தயம். சக்கரம் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுவதாக வைத்தால், அதே அரை மணியில் சுற்றுக்கு நூறு ரூபாய் வைப்பவர் சராசரியாக 81 ரூபாய் இழப்பார். பொத்தான் அமுக்கும் இயந்திரத்தில் இன்னும் வேகம். சக்கரத்துக்கு ஓட்ஸ் வேண்டாம், மருத்துவர் வேண்டாம், அதற்குக் காலில் நரம்பு இல்லை. விடிய விடியச் சுற்றும். குதிரை மாதத்துக்கு இரண்டு முறை ஓடினால் பெரிது.

சிங்கப்பூரில் தங்கள் மக்கள் கெட்டுவிடக் கூடாது என்று நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும், 2019இலிருந்து 150 வெள்ளி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் கிடையாது. இதை நம் மாவட்டத்தில் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டட வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு சூதாட்டக்கூடத்தில் மாதச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் விட்டுவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் என் மச்சானிடம் கடன் கேட்டு அழுதிருக்கிறான். அவன் வாப்பா இன்னமும் வள்ளத்தில் போகிறவர்.

இதே கதைதான் மற்ற இடங்களிலும். உலகத்திலேயே அதிகம் சூதாட்டப் பணம் புரளும், சீனாவைச் சேர்ந்த மக்காவ் நகரில், பந்தய நிறுவனமே தாங்க முடியவில்லை என்று சொல்லி 2024 மார்ச் மாதக் கடைசியோடு நிறுத்திக்கொண்டது. பினாங்கில் 1864இல் தொடங்கிய சங்கத்தின் கடைசிப் பந்தயம் 2025 மே மாதம் நடந்தது. அமெரிக்காவில் வேறு மாதிரி. நலிந்த திடல்களைக் காப்பாற்றுகிறோம் என்று திடலுக்குள்ளேயே இயந்திரங்களை வைக்க அனுமதித்தார்கள், வருமானத்தில் ஒரு பங்கு பரிசுப் பணத்துக்கு என்று. சில வருஷம் நன்றாகவும் இருந்தது. பிறகு முதலாளிகள், இயந்திரம் மட்டும் போதும், குதிரை எதற்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். புளோரிடாவில் 2021இல் சட்டம் திருத்தி, வண்டி பூட்டி ஓடும் குதிரைப் பந்தயத்தை விட்டுவிட்டுக் கேசினோவை மட்டும் நடத்தலாம் என்றார்கள். பாம்பனோ பார்க் என்ற திடலில் 2022 ஏப்ரலில் குதிரைகள் வெளியே போயின, கேசினோ அங்கேயே இருக்கிறது. குதிரையின் பெயரைச் சொல்லி வாங்கிய உரிமத்தில் இன்று குதிரையே இல்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவிலும் சிக்கிமிலும் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் 2025இல் பெரிய கேசினோ ஒன்று திறந்திருக்கிறார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. கைப்பேசிச் சூது எல்லாவற்றையும் விட அருகில் வந்துவிட்டது. 2022இல் மாநிலச் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்து மத்தியச் சட்டம் வந்தது. இரண்டையும் முழு மனதோடு வரவேற்கிறேன்.

வரியில்தான் எனக்கு மனத்தாங்கல். 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கேசினோ, ஆன்லைன் ஆட்டம், குதிரைப் பந்தயம் மூன்றுக்கும் கட்டும் முழுத் தொகையின் மேல் 28 சதவீதம் என்றது. அடுத்த மாதமே கேசினோவுக்கும் ஆன்லைனுக்கும் ஒரு வழி விட்டது: உள்ளே நுழைந்து டோக்கன் வாங்கும்போது ஒருமுறை வரி, ஜெயித்த பணத்தைத் திரும்ப வைத்து ஆடினால் அதற்கு மறுபடி வரி இல்லை. பந்தயத் திடலுக்கு அந்த வழி இல்லை. முதல் பந்தயத்தில் ஜெயித்த ஐநூறை இரண்டாவதில் கட்டினால் மறுபடி வரி, மூன்றாவதில் கட்டினால் மறுபடி வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி 40 சதவீதம். இத்தனைக்கும் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை விடத் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996இல், நம் சென்னைப் பந்தய சங்கத்தின் வழக்கிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வரியைக் கூட்டினால் சூது குறையும் என்பது நியாயமான எண்ணம்தான். நடப்பது வேறு. கட்டுகிறவர் திடலின் கவுன்டரை விட்டுவிட்டு, வரியே வாங்காமல் திருட்டுத்தனமாகப் பந்தயம் பிடிக்கும் புக்கியிடம் போய்விடுகிறார். அரசுக்கும் கிடையாது, குதிரைக்கும் கிடையாது. நான் வரிச்சலுகை கேட்கவில்லை. சக்கரத்துக்கு ஒருமுறை என்றால் குதிரைக்கும் ஒருமுறை என்று வையுங்கள், அல்லது குதிரைக்குப் போல் சக்கரத்துக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் போடுங்கள்.

இப்போது கிண்டி. 1777இலிருந்து பந்தயம் நடந்த இடம். 160 ஏக்கருக்கு மேல் அரசு நிலம், வருஷ வாடகை 614 ரூபாய் 13 காசு. வாடகையை உயர்த்திக் கணக்கிட்டு, பாக்கி 730 கோடி ரூபாய் என்று அரசு சொன்னது, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து பூட்டுப் போட்டது. அதற்கு முன் ஜூன் மாதம் ஊட்டியில் அதே சங்கத்தின் பந்தயத் திடல் இருந்த 52 ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். 614 ரூபாய் வாடகை அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழை பெய்தால் மிதக்கிற சென்னையில் அந்த நிலத்தில் குளமும் மரமும் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? நிலம் யாருக்கு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

என் கேள்வி ஆட்களைப் பற்றியது. பூட்டுப் போடப் போகிற அன்றைக்கு லாயத்தில் குதிரை நிற்கிறது, அதைப் பார்க்கிறவன் நிற்கிறான். சிங்கப்பூரில் கொடுத்த பதினாறு மாதம் வேண்டாம், பதினாறு வாரமாவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம் அல்லவா? பந்தயத்தில் ஓய்ந்த குதிரை எங்கே போகிறது என்பதும் எல்லோரும் பார்க்கிற விஷயம்தான். கடற்கரைச் சவாரி, கல்யாண ஊர்வலம், வண்டிப் பந்தயம். அந்தக் குதிரைகளைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த கைகள் எங்கே போகின்றன? காவலாளி வேலைக்கும், சாப்பாட்டுக் கடை வாசலில் கார் நிறுத்தும் வேலைக்கும்.

இந்தக் கரைக்கு அந்தக் கையின் அருமை தெரிந்திருக்க வேண்டும். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கியது நம் கடலோரத் துறைகளில்தான். மார்க்கோ போலோ எழுதிவைத்த ஒன்றைப் படித்ததிலிருந்து அது என் மனசை விட்டுப் போகவில்லை. வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சவில்லை, பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் செத்துப்போயின என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் யாரும் இங்கே வராதபடி வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்.

எழுநூறு வருஷம் கழித்தும் நான் அதைத்தான் பார்க்கிறேன். முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கிறது. தார் ரோட்டில் ஓடிய குதிரையை நடத்தி ஆறவைக்காமல் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். குளம்பு வெடித்திருக்கும், லாடம் தேய்ந்து ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். பாசம் இல்லாமல் இல்லை, தெரியாமல் செய்வது. விவரம் தெரிந்த சிலர் பந்தயத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காலைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்ன குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்துத் திரும்பக் கூட்டிப்போன இளைஞர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். என் ஒருவன் கை எத்தனை ஊருக்குப் போதும்? கிண்டியில் வேலையிழந்தவர்களைக் கால்நடைத் துறையின் மூலம் இதற்கு எடுக்கலாம். சென்னையில் காவல்துறைக்குக் குதிரைப் படை இருக்கிறது, கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் இவர்களுக்கு இடம் இருக்கும்.

இதில் ஒரு முக்கியமான சிக்கல் இருக்கிறது, அதை அதிகாரிகள் கவனிப்பதற்காகவே இந்தக் கடிதம். பந்தய சங்கத்தின் ஊழியர் என்றால் அலுவலகத்தில் இருப்பவர், கவுன்டரில் இருப்பவர், திடலைப் பராமரிப்பவர். சைஸ் சங்கத்தின் ஊழியர் அல்ல. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் டிரெய்னர். டிரெய்னருக்குக் கொடுப்பவர் குதிரை முதலாளி. நாளைக்கு அரசோ நீதிமன்றமோ "ஊழியர்களுக்கு இழப்பீடு, மாற்று வேலை" என்று சொன்னால், சங்கம் நீட்டும் பட்டியலில் சைஸ் பெயர் இருக்காது. லாடம் அடிப்பவர் பெயர் இருக்காது. காலையில் குதிரையை ஓட்டிப் பழக்கும் பையன் பெயரும் இருக்காது. பலரிடம் சம்பளச் சீட்டு இல்லை. லாயத்துக்குள் நுழையக் கொடுத்த அடையாள அட்டை ஒன்றுதான் இருக்கும்.

ஆகவே, தொழிலாளர் துறை சங்கத்தின் பட்டியலை மட்டும் நம்பாமல், டிரெய்னர்களிடமிருந்தும் பெயர் வாங்கி, நுழைவு அட்டையையே வேலைச் சான்றாக ஏற்றுத் தனியாக ஒரு பதிவு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையில் மட்டும் எடுத்தால் போதாது. வேலை போனவர்களில் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள், மாவட்ட அலுவலகங்களிலும் பெயர் கொடுக்க வழி வேண்டும். இராமநாதபுரத்தில் அப்படித் தொடங்கினால், எங்கள் பக்கத்திலிருந்து கிண்டிக்குப் போனவர்களைத் தேடி அழைத்துவந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கவும் நான் தயார்.

இப்படிக்கு,
முன்னாள் குதிரைப் பராமரிப்பாளர்,
பெரியபட்டினம்,
இராமநாதபுரம் மாவட்டம்.